கூழைக்கடாத் துரையின் கூட்டுக்கடை

மஞ்சணத்தி தன் கணவன் கொண்டலானை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஏரிக்கரை ஈச்சமரத்தில்தான். கூடு முடைந்துகொண்டிருந்தவனைத் தலையாரிக் காகம் கழுத்தில் கொத்தித் தூக்கிப் போயிற்று. குற்றம் பெரியது. தூக்கணாங்குருவி கூடு கட்டிவிட்டது!

கூழைக்கடாத் துரை அந்த ஏரிக்கு மீன் வாங்க வந்தவர். கொஞ்ச நாளில் ஏரியே அவருடையதாகிவிட்டது. "பாவம், கூடு கட்டியே இளைத்துப்போகிறீர்கள்" என்று குருவிகளுக்காக இரக்கப்பட்டார். ஆகவே நாணல் நார் முழுவதையும் அவருடைய தீவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து கூடு வரும். தானியம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினால் கூட்டுவரி உண்டு. சொந்தமாகக் கட்டினால் காகம் வரும்.

வந்ததோ கூழைக்கடாக்கள் படுக்கும் சுள்ளித் தட்டு. காற்றடித்தால் முட்டை உருளும்.

ஆண் குருவிகள் மனுக் கொடுத்தார்கள். துரை மனுவுக்கும் வரி போட்டார். அலகை மூடிக்கொண்டு ஆளுக்கொரு தட்டு வாங்கினார்கள்.

மழை நெருங்கியது. மஞ்சணத்திக்கு முட்டையிடும் நேரம். அவளுக்கு முடையத் தெரியாது. ஆண் கட்டுவான், பெட்டை சோதிப்பாள், பிடித்தால்தான் குடியேறுவாள். அதுதான் அவர்கள் குல வழக்கம்.

அவள் துரையின் கூட்டுக்கடைக்குப் போய், ஒரு தட்டின்மேல் ஏறிக் குதித்தாள்.

"பார்த்து மிதிம்மா, சீமைச் சரக்கு" என்றது கடைக் காவலில் இருந்த காகம்.

"வாசல் எங்கே அண்ணே?"

"திறந்த வீடும்மா. நல்ல காற்றோட்டம்."

"பாம்புக்கும் சௌகரியம்தான். எனக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னா வரி உண்டா?"

காகம் சட்டத்தை ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்தது. கட்டினால் தண்டனை உண்டு. பிடிக்காமல் போனால் என்ன செய்வதென்று துரை சொல்லவில்லை.

மற்றப் பெட்டைகளும் வந்து ஏறிக் குதித்தார்கள். "ஆடுது." "குத்துது." "மீன் நாத்தம்." ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. பெட்டை ஏறாத கூட்டை வைத்து ஆண் என்ன செய்வான்? வாங்கிய தட்டுகளைக் கடைமுன்னே கொட்டினார்கள். காகத்துக்குப் பயந்தவர்கள் பெட்டைகளுக்கு அதைவிடப் பயந்தார்கள். விடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக முடையத் தொடங்கினார்கள்.

"எல்லாரையும் பிடி!" என்றார் துரை.

"எனக்கு அலகு ஒண்ணுதான் துரை" என்றது காகம்.

நார் போகவில்லை, தானியம் வரவில்லை. "நன்றிகெட்ட ஏரி" என்று சொல்லிவிட்டுத் துரை பறந்து போனார்.

மஞ்சணத்திக்கு ஆண்கள் சேர்ந்து ஒரு கூடு கட்டிக் கொடுத்தார்கள். வாசல் கோணல் என்று சொல்லிவிட்டுத்தான் அதில் முட்டையிட்டாள். சீமைத் தட்டுகளில் இப்போது தவளைகள் குடியிருக்கின்றன, வரி இல்லாமல்.

விற்பவன் எத்தனை பெரிய துரையானாலும், வாங்குகிறவர்கள் கூடி வேண்டாமென்றால் கடையை மூடத்தான் வேண்டும்.