சார் உயரத்து மேடை

தோசைக்கரண்டியைத் தொட்டே பார்க்காத மனுஷன் சமையல் மேடையின் உயரத்தை முடிவு பண்ணினால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

தணிகைநாதன் சார் ஆறடி. பழைய சமையலறையை இடித்துப் புதுசாக்கினார். வெள்ளை குவார்ட்ஸ் கல்லைத் தேர்ந்தெடுத்ததும், மேடையைத் தன் இடுப்பளவுக்கு உயர்த்தச் சொன்னதும் அவர்தான். அங்கே சமைக்கிற சம்பூரணம் அக்காவுக்கு அது நெஞ்சு வரை வந்தது.

"எண்ணெய் தெறிச்சா முகத்துலதான் படும் சார். கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க."

"வீடு யாருது? முக்காலி போட்டு ஏறி நில்லு. முடியலன்னா வேற வேலை பாரு."

கொத்தனாரும் ஆட்களும் கல்லைத் தூக்கி வைத்தார்கள். பசை போட்டு ஒட்டுவது மறுநாள்தான். ஆனாலும் நல்ல நாள் என்று அன்றைக்கே பால் காய்ச்சச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார் சார். "எல்லாம் என் அளவு" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

சம்பூரணம் அக்கா பால் பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார். "சார் அளவுக்குப் போட்ட மேடை. முதல் பாலும் சார் கையாலதான் பொங்கணும்."

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். சார் அடுப்பைத் திருகினார், மறுபடியும் திருகினார். பற்றவே இல்லை. கீழே சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அளவு மட்டும் கச்சிதம் மாமா" என்று சிரித்தான் மச்சினன்.

சாரின் மனைவி கொத்தனாரிடம் திரும்பினார். "ஒட்டுறதுக்கு முன்னாடி கல்லுக்கு அடியில ரெண்டு வரிசை செங்கல்லை எடுத்துடுங்க. சம்பூரணம் உயரத்துக்கு வரட்டும்."

"அப்ப நான் குனியணுமே" என்றார் சார்.

அக்கா முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "எதுக்கு சார் குனியணும்? இதுல உக்காந்து வெங்காயம் உரிங்க."