வந்திருப்பது யாரென்று ஆற்றிடம் சொல்

யூலான் குருவைவிடப் பத்து வயது மூத்தவள். ஊரில் வக்கீலாக இருந்தவள். பெண் துறவிகளின் மடத்துக்கு வந்து தலையை மழித்துக்கொண்டாள்; வாதாடும் வாயை மட்டும் மழிக்க முடியவில்லை.

அன்றும் மலையேறி வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"குருவே, நாடே சிரிக்கிறது. ஒருத்தருக்காவது கோபம் வருகிறதா?"

குரு ஜிங்யுன் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். "எதற்குச் சிரிக்கிறார்களாம்?"

"தெரியாத மாதிரி கேட்காதீர்கள். நீங்களும்தானே அந்தப் படகுத்துறையில் நின்றீர்கள்."

நின்றார்தான். போன வாரம் ஆற்றில் வெள்ளம். இப்போது படகு விட முடியாது என்றார் படகுக்கார ஹோ. அக்கரையில் ஒரு விருந்துக்குக் கிளம்பியிருந்த மாவட்ட அதிகாரி, டிரைவர் பிடித்த குடைக்குள் நின்றபடி, "வந்திருப்பது யாரென்று ஆற்றிடம் சொல்" என்றார். ஹோ அசையவில்லை. மாலையே அந்த டிரைவர் வந்து படகைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

துறையில் நின்ற யாரோ அந்த வாக்கியத்தை இணையத்தில் போட்டார்கள். விடிவதற்குள் சீனா முழுக்க எல்லார் போனிலும் அதுதான். ரயில் தாமதமா? வந்திருப்பது யாரென்று ரயிலிடம் சொல். பரீட்சையில் ஒன்றும் எழுத வரவில்லையா? வினாத்தாளிடம் சொல். வழுக்கை விழுகிறதா? சீப்பிடம் சொல்.

"ஹோ வீட்டில் அடுப்பு எரியவில்லை. இவர்களுக்கு ஜோக் கேட்கிறது," என்றாள் யூலான். "சிரிப்பு எந்தப் பூட்டைத் திறந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்."

"தண்ணீர் வை. ஆட்கள் வருகிறார்கள்."

இவரிடம் கேட்டால் இப்படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.

வந்தவர் அதே அதிகாரி. பின்னால் டிரைவர். யாரும் சொல்வதற்கு முன்பே அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊரெல்லாம் வதந்தி, அம்மா. நீங்கள் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். 'அவர் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். இவன் வீடியோ எடுப்பான். படகுச் சாவியும் இவன் கையில்தான் இருக்கிறது. சொன்னதும் கொடுத்துவிடுவான்."

டிரைவர் வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்தான். இடது கைக்குள் சாவி.

குரு பொய் சொன்னால் படகு கிடைக்கும். ஆனால் ஹோ பொய்யனாகிவிடுவார். சொல்லாவிட்டால் ஹோ பட்டினி. எந்தப் பக்கம் வாதாடுவதென்று யூலானுக்கே தெரியவில்லை.

"டீ குடித்துவிட்டுப் பேசலாமே," என்றார் குரு.

"அதற்கெல்லாம் நேரமில்லை."

"தண்ணீர் கொதிக்கட்டும்."

"எனக்கு மீட்டிங் இருக்கிறது. சீக்கிரம் கொதிக்கச் சொல்லுங்கள்."

குரு அடுக்களைப் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"யூலான், வந்திருப்பது யாரென்று கெட்டிலிடம் சொல்."

டிரைவரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். போன் ஆடியது.

"என்னடா?"

"ஒன்றுமில்லை, ஐயா," என்றான். 'ஐயா' முடிவதற்குள் உடைந்துபோனான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தான். சாவி கல்தரையில் விழுந்து ஓடியது.

அதிகாரி எழுந்து வெளியே நடந்துவிட்டார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடினான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி ஒருமுறை தரையைப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

யூலான் சாவியைக் கையில் எடுத்தாள். அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

"இதே டிரைவரிடம் ஒரு வாரமாகக் கெஞ்சினேன். மிரட்டினேன். சட்டம் பேசினேன். அந்தக் கை திறக்கவே இல்லை. இப்போது மட்டும் எப்படி?"

குரு அடுப்பை அணைத்தார்.

"கையை இறுக்க மூடிக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்துப் பார்."