ஊதாக் கல்லுக்கு ஒரு பெயர்

“பெயர் கேட்கிறார்கள், அடிகளே. நா எழவில்லை” என்றார் மாசிலாமணி.

வாழ்நாளெல்லாம் கல்குவாரியில் உளி பிடித்துக் காய்த்துப்போன கை, மடியை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்து வைத்தது. புளியங்கொட்டை அளவு. ஊதா நிறம்.

கற்களை அறிந்தவர் என்று அந்த மலைப்பக்கம் பெயரெடுத்த அடிகள், அதை வெயிலில் பிடித்தார். ஒருபுறம் திருப்பினால் ஊதா. மறுபுறம் திருப்பினால் சாம்பல்.

“இதுவரை எவரும் காணாத கல் என்று ஆய்வகத்தார் உறுதிசெய்துவிட்டார்கள். கண்டெடுத்தவனே பெயர் சொல்லலாமாம். தன் பெயரை மட்டும் சூட்டக் கூடாதாம்.”

“நல்ல விதி. இல்லாவிட்டால் மலைக்கு மலை மாசிலாமணிகள் முளைத்துவிடுவார்கள்.”

மாசிலாமணி சிரிக்கவில்லை.

“என் மனைவியின் பெயரைச் சூட்ட நினைத்தேன். பாறை சரிந்து இந்தக் கல் வெளிப்பட்ட அன்றுதான், அந்தப் பாறையின் அடியில் சிக்கி அவள் போனாள்.”

“அவர் பெயர் என்ன?”

மாசிலாமணி கல்லைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“பூங்காவனம்.”

வேற்றூர்க்காரியின் பெயரைச் சொன்னதுபோல் அவருக்கே இருந்தது.

“சூட்ட வேண்டியதுதானே?”

“ஆய்வகத்து அம்மாள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. நாளைக்குள் நான் சொல்லாவிட்டால் ஊர்ப் பெயரை வைத்துவிடுவார்களாம். அவளுக்கென்று வேறு எதுவும் மிஞ்சவில்லை, அடிகளே.”

அடிகள் கல்லை மறுபடி வெயிலில் திருப்பினார்.

“பாறை சரிந்ததை நீர் பார்த்தீரா?”

“மேலே நின்றிருந்தேன். விரிசல் ஓடியதை முதலில் கண்டவனே நான்தான்.”

“கூப்பிடவில்லையா?”

“தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கீழே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். பாறையைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். அவள்தான் கடைசியாக நிமிர்ந்தாள்.”

“ஒருத்தியைக் கூப்பிட்டதற்கு ஏன் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்?”

“எல்லாருடைய வீட்டுக்காரர்களும் மேலேதானே நின்றோம்? தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஒவ்வொருத்தியும்...”

மாசிலாமணி நிறுத்தினார்.

அடிகள் கல்லை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“என்ன சொல்லிக் கூப்பிட்டீர்?”

மூடிய கையை மாசிலாமணி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போதும்போலத்தான். ‘ஏ, இந்தா’ என்று.”