மாடக்கண்ணுவின் உடையாத எலும்பு

அந்த மலையில் வழுக்காத பாறை கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அங்கே குரங்குக்கே சறுக்கும். மேலே ஒரு சுனையும் அதை ஒட்டி ஒரு குகையும் உண்டு. குகையில் ஓர் அம்மை இருந்தாள். ஊர் பேர் யாருக்கும் தெரியாது. சுனையம்மை என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதுகூட ஆகியிராது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சில நேரம் அதுவும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு பனையேறி அங்கே வந்து சேர்ந்தான். பெயர் மாடக்கண்ணு. தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு இருந்தது. அக்குளில் ஒரு சின்னத் துணிப்பொட்டணம். தன்னைவிட இளையவள் காலில் விழுந்து எழுந்தான்.

"தாயே, இந்த உடம்புல இதுவரை ஒரு எலும்புகூட உடைஞ்சதில்லை."

"நல்லதுதானே?"

"நல்லதில்லை தாயே."

அம்மை அவனை உட்காரச் சொன்னாள். அவன் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தான்.

"பனையில இருந்து விழுந்தேன். நெட்டப் பனை. விழுந்தவன் எந்திச்சு, மண்ணைத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போனேன். எங்க அம்மா உரல் பக்கத்துல உக்காந்திருந்தா. உக்காந்த இடத்துல அவளுக்குக் கால் முறிஞ்சிருந்தது. எந்திரிக்கக்கூட இல்லை தாயே, சும்மா உக்காந்திருந்தவ!"

"உம்."

"அடுத்த தடவை விழுந்தேன். என் பொண்டாட்டிக்கு மணிக்கட்டு போச்சு. அதுக்கப்புறமும் வயிறு கேக்குமா? ஏறினேன். விழுந்தேன். வீட்டுக்கு ஓடுதேன், தூளியில உறங்கின புள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு கெடக்கு. பால் குடிக்கிற புள்ளை. அன்னைக்கு வீட்டை விட்டவன்தான். கூலி வேலை பாத்து காசு மட்டும் அனுப்பிட்டிருந்தேன். ஆள் போகலை."

"பொட்டணத்துல என்ன?"

மாடக்கண்ணு அதை அணைத்துக்கொண்டான்.

"எலும்பு."

"யாரோடது?"

"எனக்கு உடைஞ்சிருக்க வேண்டியது."

அவன் அம்மா செத்தபோது கொள்ளி வைக்கப் போனான். மறுநாள் காடாற்று. சாம்பலில் பால் தெளித்து, காலிலிருந்து தலை வரைக்கும் எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட வேண்டும். அது மகன் வேலை. கால் பக்கம் கை வைத்ததும் ஒரு துண்டு கிடைத்தது. நடுவில் கணு மாதிரி ஒரு முடிச்சு. முறிந்து கூடிய இடம். எல்லாவற்றையும் ஆற்றில் விட்டவன் அந்தத் துண்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான். பெற்றவள் எலும்பைக் கரைக்காமல் வைத்திருப்பவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மை வேறொன்று கேட்டாள்.

"அவங்களுக்கெல்லாம் கட்டு போட்டது யாரு?"

"கட்டுக்காரர் வருவார்."

"நீரு?"

"அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாது தாயே. எலும்பை இழுத்து வைக்கும்போது ஒரு சத்தம் வருமே. பனங்காட்டுக்குள்ள போயிருவேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலை வைக்க மாட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களைப் பாக்க?"

"இப்ப என்ன வேணும்?"

"நான் விழுந்தா எனக்கே உடையணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. போதும்."

"இரும். தண்ணி எடுக்க ஆளில்லை" என்றாள் அம்மை.

அவன் இருந்தான். பல வருஷம் இருந்தான். வழி கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் தண்ணீர் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுனைக்கு அவன் போகிற அழகைப் பார்த்தால் சிரிப்பு வரும். பனை உச்சியில் நின்று பாளை சீவியவன், பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வான்.

அவன் சங்கதி எப்படியோ கீழே பரவிவிட்டது. எலும்பு உடையாதவன் கை பட்டால் பிள்ளைகளுக்கு அடிபடாது என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார்கள். நம் ஜனத்துக்குச் சொல்லவா வேண்டும்? அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குகைக்குள் ஓடிவிடுவான். உள்ளே இருட்டில் அவன் அழுவது வெளியே கேட்கும். வந்தவர்கள் அது ஏதோ மந்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

ஒரு நாள் மலைக்கு அரிசி சுமந்து வருகிற ஆள் ஒரு சேதியும் கொண்டு வந்தான்.

"ஏ மாடக்கண்ணு, உம்ம மக பொன்வடிவு தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. அப்பாவைப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. புள்ளைத்தாச்சி கேட்டு இல்லைங்கலாமா வே?"

அவன் போனதும் மாடக்கண்ணு அம்மை முன்னால் வந்து நின்றான்.

"போகணும்னு இருக்கா?" என்று கேட்டாள் அம்மை.

"உசிரே அங்கதான் இருக்கு."

"பின்னே?"

"நான் போய், திரும்பி வாற வழியில கால் தவறினா? இப்ப அவ ஒரு உசிர் இல்லை தாயே, ரெண்டு உசிர்."

அம்மை குடத்தை எடுத்து நீட்டினாள்.

"தண்ணி எடுத்துட்டு வாரும்."

அவன் சுனைக்குப் போனான். மனசு மகளிடம் இருந்தது. அன்றைக்கு அவன் உட்கார்ந்து நகரவில்லை, நடந்துவிட்டான். பாசியில் கால் வழுக்கியது. ஒரு பனை உயரத்துக்குக் கீழே, வெறும் பாறையில், மல்லாக்க விழுந்தான். குடம் சுக்குநூறாயிற்று. அதே நேரம் மேலே எங்கோ காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எழுந்து நின்றான். தடவிப் பார்த்தான். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"ஐயோ பொன்வடிவு!"

மேலே திரும்பிப் பார்க்காமல் மலையிறங்கி ஓடினான். வழியெல்லாம் எத்தனை சாமியைக் கூப்பிட்டானோ தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டு வாசலில் போய் விழாத குறையாக நின்றான்.

அவன் மனைவி முத்துக்கனி முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு? வழி தப்பி வந்துட்டியளோ?"

"புள்ளை எங்க?"

பொன்வடிவு உள்ளேயிருந்து நிறைவயிற்றோடு நடந்து வந்தாள். அவன் பாய்ந்து போய் அவள் கையைத் தடவினான், தோளைத் தடவினான், தரையில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவினான்.

"என்னப்பா இது?"

"ஒண்ணும் ஆகலையே தாயி? எங்கேயும் வலிக்கலையே?"

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்."

முத்துக்கனியின் கையையும் பிடித்துப் பார்த்தான். மணிக்கட்டில் பழைய முடிச்சு இருந்தது. அதை அவன் தொடுவது அதுதான் முதல் தடவை. அவள் கையை உருவிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் சாப்பிடும்போது பொன்வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காம கேளுங்க. சின்னதுல நான் தோள்ல கட்டோட கெடந்தேனாம். நீங்க எட்டிக்கூடப் பாக்கலையாம். அம்மா சொன்னா. எலும்பு வலிச்சது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா நீங்க வரலைங்கிறது இன்னைக்கு வரைக்கும் வலிக்கு."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். ஆனாலும் அன்று அவனுக்குச் சந்தோஷம்தான். விழுந்தும் இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே!

விடிந்ததும் மலையேறினான். நிமிர்ந்து நடந்தான். குகை வாசலிலேயே கத்தினான்.

"தாயே! விட்டுது! என்னைப் பிடிச்ச பழி விட்டுது! விழுந்தேன் தாயே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை!"

உள்ளே போனான்.

இருட்டு கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மை அவன் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மடங்கக் கூடாத இடத்தில் அது மடங்கியிருந்தது. வீங்கிக் கறுத்திருந்தது.

"எப்போ தாயே?" என்று கேட்டான்.

"நேத்து. நீரு தண்ணி எடுக்கப் போனப்போ. சும்மாதான் உக்காந்திருந்தேன்."

மாடக்கண்ணு பின்னுக்கு நகர்ந்தான். ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது.

"எங்க போறீரு?"

"கட்டுக்காரரை... கட்டுக்காரரைக் கூட்டிட்டு வாரேன் தாயே."

"ராத்திரி பூரா நான் காத்துக்கிடந்தது கட்டுக்காரருக்கா?"

அப்போதுதான் அவன் பார்த்தான். அவள் முன்னால் கட்டுக்கு வைக்கிற மூங்கில் பத்தைகள் சீவிக் கிடந்தன. கிழித்த துணி இருந்தது. ஒரு சட்டியில் உளுந்து மாவு. எல்லாம் இடது கையால் செய்தது, கோணல்மாணலாக இருந்தது.

"எனக்குத் தெரியாது தாயே."

"சொல்லித் தாரேன்."

"நான் உங்களைத் தொடலாமா?"

"தொடாம எப்படிக் கட்டுவீரு?"

அவன் வாசலிலிருந்து காலை எடுத்து உள்ளே வைத்தான். அவள் சொல்லச் சொல்ல, ஒரு கையால் முழங்கையைப் பிடித்தான். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இழும்" என்றாள்.

இழுத்தான். அந்தச் சத்தம் வந்தது. அம்மை, "அய்யோ அம்மா!" என்று அலறினாள். பிரசவத்தில் கத்துகிற மாதிரி கத்தினாள். ஞானிக்கு வலிக்காது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? அந்த அலறல் சுனைப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அது வேறு யாரோ கிழவியின் குரலாக இருந்தது. மாடக்கண்ணுவுக்குத் தெரிந்த குரல். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையை மட்டும் விடவில்லை. மாவைத் தடவி, பத்தை வைத்து, துணியைச் சுற்றி முடிந்தான்.

"இறுக்கமா இருக்கு. அவுத்துக் கட்டும்" என்றாள்.

அவிழ்த்துக் கட்டினான்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். தலைமுடி அள்ளி முடிந்துவிட்டான். வலியில் அவள் முனகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பனங்காடு அவனைக் கூப்பிட்டிருக்கும், அவன் போகவில்லை. பொன்வடிவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்ற சேதி வந்தபோதும் கட்டுக்கு மாவு கரைத்துக்கொண்டுதான் இருந்தான்.

கட்டைப் பிரிக்கிற நாள் வந்தது. அவனே பிரித்தான். கை நேராகக் கூடியிருந்தது. நடுவில் கணு மாதிரி ஒரு முடிச்சு. அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து போய்ப் பொட்டணத்தை எடுத்து வந்தான்.

"தாயே, இதை ஆத்துல விட்டுட்டு, அப்படியே பேரனைப் பாத்துட்டு வாரேன்."

"யாரோடது?"

"எங்க அம்மாவோடது."

அம்மை தலையாட்டினாள். அவன் கிளம்பினான். வாசல் வரை போனவன், பாசி படிந்த பாறையையும் அதற்குக் கீழே தெரிந்த பள்ளத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

"தாயே, பழி போகலையே. வழியில நான் விழுந்துட்டா?"

அம்மை, பிரித்துப்போட்ட மூங்கில் பத்தைகளை முடிச்சு விழுந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். வெயில் படுகிற இடத்தில் வரிசையாகப் பரப்பினாள்.

"காய வச்சிருக்கேன்" என்றாள். "போயிட்டுச் சீக்கிரம் வாரும்."