புல்லுக்குள் மறைத்த கம்பி

செங்கமலம் அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தபோது தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மையார் அவரைவிட மிகவும் இளையவர். அதைத் தணிகாசலம் ஒரு குறையாக நினைத்ததில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்த பிறகு ஒரு பையோடு ஜவ்வாது மலை அடிவாரத்து மடத்துக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

மடத்துத் தோட்டத்தில் இரண்டு சந்தன மரங்கள் இருந்தன. அவர் வந்தபோது அவை கிளை காய்ந்து வாடி நின்றன. கோடை முழுவதும் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து அவற்றைத் தேற்றியவர் அவர்தான். துளிர் விட்ட அன்று அம்மையாரைக் கூட்டிவந்து காட்டினார். அம்மையார் கைகூப்பினார்.

பிறகு சோலைமலை சீடனாக வந்து சேர்ந்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். தப்பும் தவறுமாகப் பாடுவான். அவன் பாடினால் அம்மையார் சிரித்துவிடுவார். தணிகாசலம் பாடும்போது கண்ணை மூடிக் கேட்பார். சிரித்ததில்லை.

"சோலை, நீ போய் விறகு எடுத்துட்டு வா" என்பார் அவனிடம்.

"தணிகாசலம் ஐயா, நீங்க உக்காருங்க" என்பார் இவரிடம்.

அவனுக்குக் கிடைக்கிற அந்த "நீ" தனக்கு ஒரு நாளும் கிடைக்காது என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. படுத்த பிறகும் அந்த ஒற்றை எழுத்து அவரைத் தூங்க விடாது.

மாசி மாதத்தில் சந்தன மரம் ஒன்றைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் அடிக்கட்டை மட்டும் நின்றது. சுற்றிலும் சிந்தியிருந்த மரத்தூள் ஈரத்தில் மணந்தது. தணிகாசலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டு நாள் கழித்து அம்மையாரிடம் கேட்டார்.

"அம்மா, நம்ம பொருளைத் திருட வர்றவனைக் கொல்லலாமா?"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சட்டம் என்ன சொல்லுது?"

"டவுன்ல ஒரு வக்கீலைக் கேட்டேன். ராத்திரியில வீட்டை உடைச்சு உள்ள வந்தா, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வச்சா, உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி கொள்ளையடிச்சா, வேற வழியே இல்லேன்னா, அப்போ கொல்ற வரைக்கும் போகலாமாம்."

"மரத்தை அறுத்துட்டு ஓடுறவனை?"

"கூடாதாம். தடுக்கலாம், பிடிக்கலாம். தேவைக்கு மேல கை வைக்கக் கூடாதாம்."

"வக்கீல் சொல்லிட்டாரே. அப்புறம் என்கிட்ட என்ன கேக்கறீங்க?"

"அது சட்டம். எனக்கு மனசு ஆறலைம்மா. தர்மம் என்ன சொல்லுதுன்னு கேக்கறேன்."

"மரத்தை அறுத்தது யாரு?"

"திருடன்."

"அது அவன் செஞ்ச காரியம். ஆள் யாரு?"

"அது எதுக்கும்மா நமக்கு?"

அம்மையார் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டார். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"சோலை, ஐயாவுக்கு மனசு ஆறலை. மிச்சம் இருக்கிற மரத்தை இனிமே நீ பாத்துக்கோ. விடியக்காலம் தண்ணி ஊத்தறதும் நீதான்."

"சரிம்மா" என்றான் சோலைமலை.

தணிகாசலம் எழுந்து போய்விட்டார். மரம் போனபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோரும் மாலைப் பூசையில் இருந்த நேரம், மோட்டார் கொட்டகையிலிருந்து அவர் கம்பி இழுத்தார். கைக்குப் பழகிய வேலை. மரத்தைச் சுற்றி, புல் மறைக்கும் உயரத்தில், குச்சி நட்டுக் கட்டினார். படுக்கப் போகும்போது சுவிட்சைப் போடுவார். விடியுமுன் எழுந்து அணைப்பார். யாரிடமும் சொல்லவில்லை. சோலைமலையிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று ஒருமுறை அவன் இருந்த இடம் வரைக்கும் போனார். அவன் அம்மையாருக்கு லாரிக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டார்.

சில நாட்கள் தவறாமல் நடந்தது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து படுத்த பிறகுதான் சோலைமலையின் வாளிச் சத்தம் கேட்கும்.

பிரதோஷத்தன்று இரவுச் சாப்பாட்டில் கொழுக்கட்டை போட்டார்கள். கடைசியாக வந்த சோலைமலைக்கு இல்லாமல் போயிற்று. அம்மையார் தன் இலையில் இருந்ததைப் பிட்டுப் பாதியை அவன் இலையில் வைத்தார். பேச்சை நிறுத்தாமலே வைத்தார்.

தணிகாசலம் பாதியில் எழுந்துவிட்டார்.

"என்ன ஐயா, போதுமா?"

"வயிறு சரியில்லைம்மா."

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்தது. எழ வேண்டும் என்று தெரியும். எழவில்லை. கிணற்றடியில் வாளி இடிபட்டது. சோலைமலை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அறையைக் கடந்து போனான். தணிகாசலம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்தே கிடந்தார்.

அப்போது அம்மையாரின் குரல் கேட்டது.

"சோலை, நில்லு. நானும் வர்றேன்."

போர்வை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. வேட்டி காலைத் தடுக்க வெளியே ஓடினார்.

"போகாதீங்க! கம்பி இருக்கு! கரண்ட்டு!"

கத்திக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். அங்கிருந்து தோட்டத்துக்கு ஓடினார்.

இருவரும் மரத்துக்குச் சற்று இப்பால் அசையாமல் நின்றார்கள். புல்லுக்குள் கம்பியை ஒட்டி ஒரு கீரி செத்துக் கிடந்தது.

"அண்ணே, கரண்ட்டா விட்டிருக்கீங்க?" என்றான் சோலைமலை. குரலில் கோபம் இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மறுபடி வருவான்னு, திருடனுக்குக் கட்டினேன் தம்பி. இப்ப அணைச்சுட்டேன்."

அம்மையார் குனிந்து கீரியை எடுத்தார். அது இன்னும் விறைக்கவில்லை. அதைத் தணிகாசலத்தின் கைகளில் வைத்தார்.

"தினமும் காலையில நீங்கதான் அணைப்பீங்களா?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு?"

"தூங்கி..." என்று ஆரம்பித்தவர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார்.

"வாளிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இவன் பாடினது?"

"அதுவும் கேட்டுச்சு."

சோலைமலை வாளியைத் தரையில் வைத்தான். தணிகாசலத்தை ஒருமுறை பார்த்தான். ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"மரத்தைக் காப்பாத்தத்தான்மா கட்டினேன். சத்தியமா."

"நம்பறேன்" என்றார் அம்மையார். "திருடனுக்குக் கட்டினதுதான். இவன் உங்ககிட்டேருந்து எதைத் திருடினான்? அதைச் சொல்லுங்க."

தணிகாசலம் கீரியை ஏந்தியபடி நின்றார். சோலைமலையும் அந்தப் பதிலுக்காகவே நின்றான்.