வெடிக்காத கடுகு

ஒரு ஊர்ல ஒரு நாச்சாத்தா இருந்தா. எதைப் பார்த்தாலும் திருப்பிப் பார்க்காம விடமாட்டா. பணியாரத்தைக்கூட அடியைப் பார்த்துட்டுத்தான் திம்பா, உன்னாட்டம். ம் கொட்டு கண்ணு, இல்லைன்னா அத்தை நிறுத்திருவேன்.

"ம்."

பக்கத்துக் காட்டுக்காரி பாவாத்தா. ரெண்டு பேரும் குழம்பு, கடுகுன்னு எல்லாம் மாத்திக்கிற சிநேகிதம். அந்த வருசம் பாவாத்தா காட்டுல கொண்டைக்கடலை பச்சைப்பசேல்னு வந்துச்சு. அப்புறம் ஒரு செடி மஞ்சளாகி தொப்புனு சாஞ்சுது. அடுத்ததும் தொப். அதுக்கடுத்ததும் தொப். குனிஞ்சு பார்த்தா, செடிக்கு அடியில பழுப்பா, உருண்டையா, கடுகு!

"யாரோ கடுகு தூவி செய்வினை வச்சுட்டாங்க! இந்த வரப்புல நடக்கறவ நாச்சாத்தா ஒருத்திதான்!"னு கத்துனா பாவாத்தா. ஊர் கூடிருச்சு. அமாவாசைக்குள்ள தூவுனது யாருன்னு தெரியலைன்னா, நாச்சாத்தாளுக்குப் பொதுக்கிணத்துத் தண்ணி கிடையாதுன்னுட்டாங்க.

"அய்யோ பாவம் அத்தை."

பாவந்தான். சிநேகிதி வாயாலயே கேட்டா வலிக்காதா? அழுதா. ஆனா அழுதுக்கிட்டே, "கடுகு எப்படிச் செடியைக் கொல்லும்?"னு யோசிச்சா. அந்தக் கடுகுல கொஞ்சம் முந்தானையில முடிஞ்சுட்டு வந்தா.

அப்புறம் எண்ணெயைக் காயவச்சுப் போட்டா. படபடன்னு வெடிக்கணுமில்ல? சுய்ய்ய்... அவ்வளவுதான்.

"பொய்க் கடுகா?"

இரு, அவசரக்குடுக்கை! அப்புறம் நம்ம கடுகையும் அதையும் பக்கத்துல பக்கத்துல விதைச்சா. நம்ம கடுகு முளைச்சுது. அது முளைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு சிரட்டையில நல்ல கடலைச் செடி வச்சு, அதோட அடியில அந்தக் கடுகைத் தூவுனா. செடி அசையலை. அப்போ நினைப்பு வந்துச்சு: பாவாத்தா மக்காத சோளத்தட்டையைச் சேர்த்தே உழுதிருந்தா, பனி ஈரத்துலயே வளர்ற கடலைக்கு ஆசையில தண்ணியும் பாய்ச்சியிருந்தா. உடனே நாச்சாத்தாளும் சிரட்டையில ஈரத்தட்டையை வச்சு தண்ணி ஊத்துனா. கொஞ்ச நாள்ல பஞ்சாட்டம் வெள்ளை நூல் ஓடுச்சு. தண்டு அழுகி, செடி...

"தொப்."

ம்! அந்த நூல்லயே புதுசா குட்டிக் குட்டிக் கடுகு!

அமாவாசைக்கு ஊர் கூடுனப்போ, சிரட்டையைக் கொண்டுபோய் நடுவுல வச்சா. "யாரும் தூவலைங்க. இது பூஞ்சாணம். ஈரத்தட்டையில தானா வளர்ந்து, தானா கடுகு போடுது. தண்ணியை நிறுத்தி, செத்த செடியை மண்ணோட எடுத்து எரிங்க"ன்னா. அப்படியே செஞ்சாங்க. பாதிக் காடு பொழைச்சுது.

"பாவாத்தா பேசுனாளா?"

எங்க பேச! மூஞ்சியைக் காட்டவே வெக்கம். அப்புறம் ஒரு சாயங்காலம், கையில கிண்ணத்தோட வாசல்ல வந்து நின்னா.

"நாச்சி... தாளிக்கக் கொஞ்சம் கடுகு இருக்குமா?"

நாச்சாத்தா இடுப்புல கைவச்சுக் கேட்டா: "எது வேணும்? வெடிக்கறதா, வெடிக்காததா?"

பாவாத்தா அழுதுட்டே சிரிச்சுட்டா. கிண்ணம் நிறையக் கடுகு போயிட்டு, குழம்பா திரும்பி வந்துச்சு.

கடுகும் வெடிச்சாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு. நீயும் கண்ணை மூடு கண்ணு.

"..."

ம் கூட இல்லை. தூங்கிருச்சு.