காத்தமுத்து நல்ல சீட்டை மறைத்த விதம்

நம் பக்கமெல்லாம் சொன்னதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லையே என்று கவலை. தும்பைக்குழியில் கவலை வேறு மாதிரி. அங்கே சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள்.

ஒரு வெயில் நாளில் காத்தமுத்துவின் மனைவி பூங்காவனம், "வீடு அனலாக் கொதிக்குது, ஏதாவது செய்யேன்யா" என்று சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். காத்தமுத்து பிரிட்ஜின் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தான். அவள் திரும்பி வருவதற்குள் பிரிட்ஜ் புகைந்து அடங்கிவிட்டது. வீடு முன்பைவிட அதிகமாகக் கொதித்தது.

பூங்காவனம் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "இந்த வீட்டுல இன்னொரு பிரிட்ஜ் என்னைக்கு வந்து நிக்குதோ, அன்னைக்குத்தான் நான் வருவேன்" என்று வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

காத்தமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் திட்டாமல் அவனுக்குப் பொழுதே விடியவில்லை. அப்போதுதான் அவன் கூட்டாளி நல்லதம்பி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். அதில் ஒரு விளம்பரம். போனிலேயே ஆடும் சீட்டாட்டப் போட்டி, கட்டணம் எதுவும் கிடையாது, முதல் பரிசு இரட்டைக் கதவு பிரிட்ஜ். ஆட்டத்துக்குப் பெயர் போக்கர்.

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விரியும். தன் சீட்டை நம்புகிறவன், காசுக்குப் பதிலாக முதலிலேயே கொடுத்த சில்லுகளை நடுவில் வைப்பான். நம்பாதவன் விட்டுவிடுவான். சில்லு தீர்ந்தவன் வெளியே. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக நிற்பவனுக்குப் பரிசு.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி தொடங்கியது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாததால் காத்தமுத்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனான். பிறகு குளிக்கப் போனான். அவன் முறை வரும்போதெல்லாம் போன் தானாகவே சீட்டை விட்டுக்கொடுத்தது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வெளியே போனார்கள். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், மிச்சமிருந்த சிலர் மட்டும் ஆடும் கடைசி மேசையில் காத்தமுத்துவும் உட்கார்ந்திருந்தான்.

பயந்துபோய் மச்சானுக்குப் போன் போட்டான். பூங்காவனத்தின் தம்பி தனக்கோடி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், இந்த ஆட்டமெல்லாம் தெரிந்தவன்.

"கடைசி மேசையா! எப்படி மாமா ஆடினீங்க?"

"கஞ்சி குடிச்சேன், மச்சான்."

"சரி, இனிமேதான் சூதானமா இருக்கணும். நல்லாக் கேட்டுக்கங்க. ஏ போட்ட சீட்டு ரெண்டு சேர்ந்து வந்தா அதுக்கு மேல நல்ல சீட்டு கிடையாது. அது வர்ற வரைக்கும் மத்ததை விட்டுடுங்க. வந்ததும் எல்லாச் சில்லையும் ஒரேடியாத் தள்ளிடாதீங்க. கடைசி நேரத்துல எல்லாருக்கும் வெளியே போயிடுவோமோன்னு பயம் இருக்கும். மொத்தமா வெச்சா ஓடிப்போயிடுவான். கொஞ்சமா வைங்க, அவன் உள்ளே வரட்டும். அப்புறம் கடைசியிலே மொத்தமா அமுக்குங்க. முக்கியமா, உங்க சீட்டு யாருக்கும் தெரியக் கூடாது. எல்லாம் போனவன் மாதிரி இருக்கணும்."

தனக்கோடி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவன் அதைத் தும்பைக்குழிக்குச் சொன்னதுதான் தப்பு. சொல்லிவிட்டு, மிஷின் ஓடுகிறது என்று போனை அணைத்துவிட்டான்.

காத்தமுத்து, நல்லதம்பி, இன்னொரு கூட்டாளி ராயப்பன், மூவரும் கூடி யோசித்தார்கள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னா, நமக்கு?" என்றான் ராயப்பன்.

"நாமளும் யாரோதானே" என்றான் நல்லதம்பி.

"நான் பார்க்காம எப்படிடா ஆடறது?"

"பாரு. ஆனா தெரிஞ்சுக்காதே."

"அது என்னால முடியும்" என்றான் காத்தமுத்து.

வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து, பாயில் மல்லாந்து படுத்து, தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்குள் போனை வைத்துக்கொண்டான். பாதம் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. பாதத்தைப் பார்த்து யாரும் சீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று நல்லதம்பி தீர்ப்புச் சொன்னான்.

அடுத்தது, எல்லாம் போனவன் மாதிரி இருப்பது.

"கட்டில் இருக்கு. அண்டா இருக்கு. இதையெல்லாம் வெச்சுக்கிட்டு எல்லாம் போச்சுன்னா எவன் நம்புவான்?" என்றான் ராயப்பன்.

"எதிராளிக்கு எப்படித் தெரியும்? அவன் எங்கேயோ இருக்கான்" என்றான் நல்லதம்பி.

"தனக்கோடி திருப்பூர்ல இருந்துக்கிட்டே அவங்க அம்மா மூஞ்சியைப் போன்ல பார்க்கறானா இல்லையா?"

கட்டில், அண்டா, பீரோ, தண்ணீர்க் குடம் எல்லாம் தெருவுக்குப் போயின. பீரோவைத் தூக்கும்போது நல்லதம்பியின் கால் நசுங்கியது. அவன் அலறினான்.

"ஆ! இதுதான்டா எல்லாம் போனவன் குரல்! விடாதே, அப்படியே பிடி!" என்றான் ராயப்பன்.

வேட்டிக்குள்ளிருந்து காத்தமுத்து கேட்டான்: "இன்னும் நல்ல சீட்டே வரலையே, இப்பவே எதுக்கு அழுகை?"

ராயப்பன் கொஞ்சம் யோசித்தான். "நல்ல சீட்டு வந்ததும் திடீர்னு அழுதா, 'இவ்வளவு நேரம் சும்மா இருந்தானே, இப்ப ஏன் அழறான்'னு எதிராளி உஷாராயிடுவான். அதனால எல்லாச் சீட்டுக்கும் அழணும்."

இதைவிட நல்ல யோசனையைத் தனக்கோடியே சொல்லியிருக்க முடியாது. ராயப்பனுக்கு மாடு விரட்டிப் பழகிய தொண்டை. அவன் வாயைத் திறந்ததும் தெருக்கோடி வரை கேட்டது. சீட்டு வரும், விட்டுக்கொடுப்பார்கள், அழுவார்கள். மறுபடியும் சீட்டு வரும், விடுவார்கள், மாரில் அடித்துக்கொள்வார்கள். மேசையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுச் செவந்தியக்கா வெளியே வந்து பார்த்தாள். தெருவில் கட்டில் கிடந்தது. உள்ளே இரண்டு ஆம்பிளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நடுவில் வெள்ளைத் துணி, அதன் முனையில் இரண்டு பாதம்.

"அடப்பாவி! காத்தமுத்துவா?" என்றாள்.

"சொல்லக் கூடாதுக்கா" என்றான் ராயப்பன் விம்மியபடி.

"என்னடா ஆச்சு? நெஞ்சு வலியா?"

"சொல்லவே கூடாதுக்கா."

"பூங்காவனத்துக்குச் சொல்லியாச்சா?"

"அவளுக்குமா? யாருக்குமே தெரியக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கு."

"மனசு உடைஞ்சு என்ன பேசுதுங்கன்னே தெரியல பாவம்" என்று செவந்தியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பூங்காவனத்துக்குப் போன் போட்டாள். கிளம்பி வருகிறேன் என்று அந்தப் பக்கம் அலறியதும், பொண்டாட்டி வந்து முகம் பார்க்கும் வரை உடம்பு தாங்க வேண்டுமே என்று, சவத்தைக் கெடாமல் வைக்கிற ஐஸ் பெட்டிக்காரருக்கும் சொல்லி அனுப்பினாள்.

ஊர் கூடியது. ஒரு பெரியவர் வந்து காத்தமுத்துவின் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டினார்.

"டேய், எவனோ காலைக் கட்டறான்டா" என்று வேட்டிக்குள்ளிருந்து கிசுகிசுப்பு வந்தது.

நல்லதம்பி குனிந்து, "அசையாதே. இன்னும் எத்தனை பேர் இருக்கான்?" என்றான்.

"மூணு பேர்."

"அப்ப கட்டட்டும் விடு."

ஐஸ் பெட்டி வந்தது. நீளமாக, மேலே கண்ணாடி மூடியோடு இருந்தது. நான்கு பேர் காத்தமுத்துவைப் பாயிலிருந்து துணியோடு தூக்கினார்கள். உடம்பு இன்னும் விறைக்கவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, பிளக்கைச் சுவரில் செருகிச் சுவிட்சைப் போட்டார்கள். காத்தமுத்து போனையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்போது மேசையில் மிச்சமிருந்த எதிராளி ஒரே ஒருவன். தவிர, உள்ளே நல்ல குளிர்ச்சி.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஏ போட்ட சீட்டு இரண்டு சேர்ந்து வந்தது.

பார்த்தான். தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை இழவு வீடாக வைத்துக்கொண்டு, கொஞ்சமாகச் சில்லு வைத்தான். எதிராளி உள்ளே வந்தான். நடுவில் சீட்டு விரிந்தது. அங்கே இன்னொரு ஏ. இன்னும் கொஞ்சம் வைத்தான். எதிராளி அதற்கும் வந்தான். கடைசிச் சீட்டும் விரிந்தது. எதிராளி தன்னிடமிருந்த சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். காத்தமுத்து ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அமுக்கினால் பிரிட்ஜ். பிரிட்ஜ் வந்தால் பூங்காவனம்.

விரலைத் தூக்கினான்.

"அய்யோ என் ராசா!"

பூங்காவனத்தின் குரல். ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து, தலைவிரி கோலமாக ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தாள். "ஒரு பிரிட்ஜுக்காகவா உன்னை விட்டுட்டுப் போனேன்! எனக்குப் பிரிட்ஜும் வேணாம், ஒண்ணும் வேணாம், எழுந்து வாய்யா! இனிமே திட்டவே மாட்டேன்யா!"

காத்தமுத்துவின் மனம் கரைந்துபோனது. மூடியைத் திறந்து அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் இப்போது சிரித்துக்கொண்டே எழுந்தால் சீட்டு நல்ல சீட்டு என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் படுத்தபடியே அழுதான். நிஜமான அழுகை. கண்ணீர் காதுக்குள் போயிற்று. கண்ணைத் துடைக்க, பொத்தானுக்கு மேல் நின்ற விரலை எடுத்தான். அவ்வளவுதான், அவன் முறைக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. போன் தன் பழக்கப்படி சீட்டை விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆட்டத்தில் மீதிச் சில்லும் போயிற்று.

வெளியே ஒரு பெண் சொன்னாள்: "ஏண்டி, பொணம் மூக்கை உறிஞ்சுது."

கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. பெட்டிக்குள் காத்தமுத்து வேட்டியை விலக்கினான். சுற்றிலும் பார்த்தான். கையால் பக்கத்தைத் தடவினான். சில்லென்று இருந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரிந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து கத்தினான்:

"பூங்காவனம்! பிரிட்ஜ் வந்துடுச்சுடி!"

இழவுக்கு வந்தவர்களில் ஒருவரும் வீட்டில் மிச்சமில்லை. காலைக் கட்டிய பெரியவர்தான் முதலில் ஓடினார். நின்றவள் பூங்காவனம் மட்டும். அவளும் தும்பைக்குழியில் பல வருஷம் குடும்பம் நடத்தியவள் அல்லவா?

"நீ சாகலையா?"

"யார் சொன்னா? நான் பிரிட்ஜுக்காகச் சீட்டு ஆடிட்டிருந்தேன்."

அவள் அவன் முதுகில் நான்கு அடி போட்டாள். இனிமேல் திட்ட மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள், அடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகு அவன் கால் கட்டை அவிழ்த்துவிட்டாள்.

நல்லதம்பி போனை எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. "டேய், நமக்கு ரெண்டாவது இடம்னு போட்டிருக்குடா."

மூவரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்கள்.

"ரெண்டாவது பரிசே இவ்வளவு நீளம்னா, முதல் பரிசை அந்த ஆளு எந்த வீட்டுலடா வைப்பான்?" என்றான் ராயப்பன்.

"பாவம்" என்றான் காத்தமுத்து. "நல்லவேளை, நான் அமுக்கல."

பூங்காவனம் பெட்டியைச் சுற்றி வந்தாள். மூடியைத் தூக்கினாள், இறக்கினாள். "கதவு மேல் பக்கமா இருக்கு. தட்டு எதுவும் இல்லை. ஆனா முருங்கைக்காயை ஒடிக்காம வைக்கலாம்" என்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மூலைக்கு ஒரு பொட்டு வைத்தாள். தெருவிலிருந்த அண்டாவும் குடமும் உள்ளே வந்தன. சட்டியில் இருந்த மோரையும், செவந்தியக்கா வீட்டில் கேட்டு வாங்கிய கத்தரிக்காயையும் பெட்டிக்குள் வரிசையாகப் படுக்க வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஐஸ் பெட்டிக்காரர் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எடுத்தாச்சுங்களா?" என்றார்.

வெயிலில் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் இவர்தான் என்று பூங்காவனத்துக்குப் புரிந்தது. "இப்பத்தான் எடுக்கப்போறேண்ணே, இப்படி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே கண்ணாடி மூடியைத் திறந்து ஒரு சொம்பு மோரை எடுத்து நீட்டினாள். "ஜில்லுன்னு குடிச்சிட்டுப் போங்கண்ணே."

அவர் சொம்பைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த காத்தமுத்துவைப் பார்த்தார். வண்டியைக்கூட எடுக்காமல் அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஏன்யா, ஒரு வாய்கூடக் குடிக்காமப் போயிட்டாரு?" என்றாள் பூங்காவனம் கவலையோடு.

காத்தமுத்து சொம்பை வாங்கி ஒரு மடக்கு குடித்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"குளிர்ச்சி பத்தலைடி. அவர் தொழில்காரரு, பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டாரு. இன்னும் கொஞ்சம் கூட்டி வை."